1950 கால்பந்து உலகக் கோப்பை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இறுதிப் போட்டியில் பிரேசில் சமன் செய்திருந்தால் கூடுதல் நேரம் கொடுத்திருப்பார்களா?

பதில்: அந்த ஆண்டு இறுதிப் போட்டி என்ற ஒன்றே கிடையாது. பிரேசில், உருகுவே, சுவீடன், ஸ்பெயின் ஆகிய நான்கு அணிகளும் ஒன்றோடொன்று மோதிப் புள்ளிக் கணக்கில் முதலில் நிற்பதே கோப்பையைப் பெறும் என்பதுதான் விதி. சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்த பிரேசிலுக்கு, ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவேயுடன் சமன் செய்வதே போதுமானதாக இருந்தது. உருகுவே 2-1 என்று வென்றது.

கேள்வி: மைதானத்தில் 2 லட்சம் பேர் இருந்தார்களா?

பதில்: நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் ஏறக்குறைய 1,74,000 பேர்; மற்றவர்களையும் சேர்த்தால் 2 லட்சத்தை ஒட்டி வரும்.

கேள்வி: அந்தத் தொடரில் பெலே எத்தனை கோல் அடித்தார்?

பதில்: பெலேவுக்கு அப்போது வயது 9. எழுதும் முன் ஆண்டைச் சரிபாருங்கள்.

கேள்வி: வெறுங்காலுடன் ஆடக் கூடாது என்று ஃபிஃபா தடுத்ததால்தானே இந்தியா பிரேசிலுக்குப் போகவில்லை?

பதில்: இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. இங்கும் ஆண்டைச் சரிபார்த்தாலே போதும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடி, இரண்டு பெனால்டிகளை வீணடித்து, பிரான்சிடம் 2-1 என்று தோற்றார்கள். 1952 ஹெல்சிங்கியிலும் சிலர் வெறுங்காலுடன்தான் இறங்கினார்கள். யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்று வந்த பிறகே காலணி இங்கு கட்டாயமானது. பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை விலகியதால் ஓர் ஆட்டமும் ஆடாமலே தகுதி பெற்ற இந்தியா, இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகியவை இருந்த பிரிவில் இடம்பெற்றிருந்தது. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கவும் பிரேசில் முன்வந்தது. அப்படியிருந்தும், பயிற்சிக்கு நேரமில்லை என்றும் அணித் தேர்வில் உடன்பாடு இல்லை என்றும் நம் கால்பந்துக் கூட்டமைப்பு விலகிக்கொண்டது. ஒலிம்பிக்கே தங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது என்று அப்போதைய இந்திய அணித் தலைவர் சைலன் மன்னாவே பின்னாளில் சொன்னார். நிர்வாகிகள் தவறவிட்ட வாய்ப்புக்கான பழியை ஆட்டக்காரர்களின் பாதங்களின் மீது ஏற்றும் இந்தக் கதையை, விளையாட்டை நேசிப்பவர்கள் தயவுசெய்து இனியும் பரப்ப வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிடம் தோற்றதால்தான் இங்கிலாந்து வெளியேறியதா?

பதில்: அதனால் மட்டுமல்ல, அடுத்து ஸ்பெயினிடமும் 1-0 என்று தோற்றது.

கேள்வி: உருகுவேயிடம் பிரேசில் அடைந்த தோல்விக்கு அதன் கோல்காப்பாளர் பார்போசாதானே காரணம்?

பதில்: இல்லை. உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கம் ஓடி வந்து பந்தை நடுவே கொடுத்ததில்தான் சக வீரர் ஸ்கியாபினோ அணியின் முதல் கோலை அடித்தார். கிஜ்ஜியா மறுபடியும் அதே பக்கம் வந்தபோது, அதையே எதிர்பார்த்துப் பார்போசா ஓரடி முன்னே நகர்ந்தது எந்தக் கோல்காப்பாளரும் செய்யக்கூடியதே. பந்து அருகிலிருந்த கம்பத்தை ஒட்டி உள்ளே போனது. 2000இல் இறக்கும் வரை அவரை அந்தப் பழி விடவில்லை.

கேள்வி: பிரேசில் அன்றும் மஞ்சள் சட்டைதான் அணிந்ததா?

பதில்: வெள்ளை. இன்றைய மஞ்சள், 1953இல் ஒரு நாளிதழ் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் தேர்வானது.