பயணப்படிக்கு வரி கட்ட வேண்டுமா?

(2025-26 நிதியாண்டுக்கான பதில்கள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால், அதன் பிறகு பிரிவு எண்கள் மாறும்.)

மருந்து விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். கோபி, பவானி, சத்தி என்று பைக்கில் சுற்றும் வேலை. சம்பளத்தோடு மாதம் 12,000 ரூபாய் பயணப்படி வருகிறது. புதிய வரி முறையில் எந்த விலக்கும் கிடையாது என்று சொல்லி அதற்கும் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். சரியா ஐயா?
– வாசகர், ஈரோடு

சரியில்லை. புதிய முறையில் போனவை வீட்டு வாடகைப்படி, விடுமுறைப் பயணப்படி (எல்.டி.ஏ.) போன்றவை. பணி நிமித்தம் சுற்றும் செலவு, வெளியூர்ப் பயணச் செலவு, அங்கே தங்கும் நாட்களுக்கான தினப்படி, இடமாற்றச் செலவு ஆகியவற்றுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(14)(i) பிரிவில் இரண்டு முறையிலும் விலக்கு உண்டு. புதிய முறையில் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு தனி. இதனால் அது குறையாது.

ஆனால் விலக்கு, வாங்கிய தொகைக்கு அல்ல, செலவான தொகைக்கு. மாதம் 9,400 செலவானால் மிச்சம் 2,600 சம்பளத்தில் சேரும். வருடத்துக்கு 31,200 ரூபாய்க்கு வரி உண்டு.

பலருக்கும் கைவிட்டுப் போவது ஆதாரம்தான். ஒரு நோட்டில் தேதி, போன ஊர், பார்த்த வேலை, கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டர் காட்டிய கிலோமீட்டர், பெட்ரோல் தொகை ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். மார்ச் மாதம் உட்கார்ந்து ஒரே பேனாவில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதினால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். பெட்ரோல் பங்க் ரசீது சில மாதங்களில் எழுத்து மங்கி வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

இவற்றைச் சம்பளப் பிரிவில் கொடுத்து டி.டி.எஸ்.ஸைக் குறைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஜனவரியில் கேட்பார்கள். படிவம் 16 (நிறுவனம் தரும் சம்பள, வரிப்பிடித்தச் சான்று) வந்த பிறகுதான் கவனித்தீர்கள் என்றால், முதலில் நிறுவனத்தையே திருத்தித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், ரிட்டர்னில் விலக்கு பெறும் படிகள் பகுதியில் 10(14)(i)-ஐத் தேர்ந்தெடுத்து, செலவான தொகையை மட்டும் கோரலாம். படிவம் 16-உடன் ஒத்துப்போகாததால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரக்கூடும். அப்போது அந்த நோட்டுதான் உங்களுக்குத் துணை.

தாம்பரத்திலிருந்து கிண்டி அலுவலகத்துக்குப் போய்வரும் செலவை இதில் காட்டலாமா?
– வாசகி, சென்னை

முடியாது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வருவது சட்டத்தின் பார்வையில் பணிப் பயணம் அல்ல. முன்பு இருந்த மாதம் 1,600 ரூபாய் விலக்கும் 2018-19-லேயே போய்விட்டது. மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு மட்டும் மாதம் 3,200 வரை உண்டு. நிறுவனமே வண்டி அனுப்பி அழைத்துப் போனால் அதற்கு வரி இல்லை. எனவே படியாக வாங்குவதைவிட வண்டி வசதி கேட்பது லாபம்.

மும்பை மீட்டிங்குக்குச் சொந்தப் பணத்தில் போய்வந்தேன். நிறுவனம் 38,000 ரூபாயைச் சம்பளக் கணக்கில் போட்டது. ரிட்டர்னில் காட்ட வேண்டுமா? மனைவியும் கூட வந்தார்.
– வாசகர், கோவை

உங்கள் டிக்கெட், அறை, சாப்பாடு என்று பில் கொடுத்துத் திரும்ப வாங்கிய பணம் வருமானமே அல்ல, காட்ட வேண்டாம். பில்லுடன் சமர்ப்பித்த விவரத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

மனைவியின் டிக்கெட்டும் அந்த 38,000-க்குள் இருந்தால், அந்தப் பங்குக்கு மட்டும் வரி உண்டு. மீட்டிங் முடிந்து இரண்டு நாள் சுற்றிப் பார்த்த செலவை நிறுவனம் ஏற்றிருந்தால், அந்த இரண்டு நாள் செலவுக்கும் அப்படியே. இவை நிறுவனம் தரும் சலுகைகளின் பட்டியலான படிவம் 12பிஏ-வில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வராவிட்டாலும் நீங்களே சம்பளத்தில் சேர்த்துக் காட்ட வேண்டும்.