பழைய 303 துவக்கு சிதறுகிறதா? கட்டையிலிருந்து தொடங்குங்கள்

லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 என்ற பழைய பிரித்தானிய வகை 303 இராணுவத் துவக்கு வைத்திருக்கும் கனடா நண்பர்கள் கேட்டவை இவை. என் கைக்கு அதிகம் வருவது, 1941 முதல் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் லோங் பிராஞ்சில் செய்த துவக்குகள்தான். (அங்கே துவக்குகளைச் சோதித்த கட்டடம் இப்போது மிசிசாகாவில் கலைக்கூடமாக நிற்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.) எதையும் தொடுமுன் போல்ட்டை (ரவையை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டை) கழற்றி, உள்ளே ரவை இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

கேள்வி: அண்ணை, 100 மீற்றரில ஐஞ்சு வெடி வைச்சால் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குச் சிதறுது. "குழல் முடிஞ்சுது, வித்துப்போடு" எண்டு றேஞ்சில ஒருத்தர் சொல்லுறார். உண்மையோ?

பதில்: அவசரப்பட்டு விற்காதீர்கள். நம்பர் 4-இன் குழல் மெல்லியது. அதை ஒழுங்காகப் பிடித்து வைத்திருப்பது மரக்கட்டைதான். ட்ரிகர் கார்டின் (விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தின்) முன்பக்கத் திருகாணியை இறுக்கிப் பாருங்கள். இறுகித்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அந்தத் துளைக்குள் ஒரு சிறு உலோகக் குழாய்த்துண்டு இருக்கிறது. எண்பது வருடத்தில் கட்டை சுருங்கிப்போனால் திருகாணி அந்தத் துண்டில் போய் முட்டி நிற்கும். இரும்பு இரும்பைப் பிடிக்கும், மரம் தளர்ந்து ஆடும். நம்முடைய குளிர்கால ஹீற்றர் காற்று இதை இன்னும் மோசமாக்கும். அந்தத் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அராவிக் குறைத்தால் மரம் மறுபடி நெருக்கப்படும்.

அடுத்தது குழலின் நுனி. முன்கட்டையின் முனை குழலை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இராணுவத் துவக்குத் திருத்துநர்களின் கணக்கு 2 முதல் 7 இறாத்தல் வரை. நுனியைக் கட்டையிலிருந்து தூக்கிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் எழும்பினால் பாதிக் காரணம் அகப்பட்டுவிட்டது.

மூன்றாவது, கட்டையின் பின்பகுதியில் உதைப்பைத் தாங்கும் இரண்டு முகப்புகள். எண்ணெய் ஊறி அவை மெத்தென்று நசுங்கியிருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு கட்டைக்குள் இடம் மாறும். அங்கே கடினமான மரத்துண்டு வைத்து ஒட்ட வேண்டும். இது கைதேர்ந்தவர் செய்யும் வேலை. நான் முதல்முறை செய்தபோது ஒரு நல்ல கட்டையைப் பிளந்தேன்.

கேள்வி: முதல் மூன்று வெடியும் ஒன்றாக விழுகின்றன. பிறகு சூடேற ஏற மேலே மேலே போகின்றன. கட்டையை உள்ளே சுரண்டிக் குழலை முழுக்க விடுவிக்கலாமா?

பதில்: சுரண்டாதீர்கள்! நடுவில் எங்கோ மரம் குழலைத் தொடுகிறது. ஒரு கடதாசித் துண்டை இடையில் விட்டு இழுத்துப் பாருங்கள். நிற்கும் இடத்தில்தான் தொடுகிறது. அந்த ஓரிடத்தை மட்டும் தேய்த்தால் போதும். குழல் தடித்துத் தொடங்கும் இடமும் நுனியும் மரத்தில் அமர்ந்திருக்க வேண்டும். சில துவக்குகள் முழுக்க விடுவித்த பிறகும் நன்றாகச் சுடும். உங்களுடையது சுடாவிட்டால், சுரண்டிய மரத்தை எங்கே போய் எடுப்பீர்கள்?

கேள்வி: இலக்குத்தாளில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீளமாகக் கிழிந்திருக்கிறது.

பதில்: சன்னம் சுழலாமல் புரண்டு பறக்கிறது. இங்கேதான் குழலையும் ரவையையும் சந்தேகிக்க வேண்டும். குழலின் உட்சுவரில் சன்னத்தைச் சுழற்றும் சுருள் பள்ளங்கள் உண்டு. பள்ளத்திலிருந்து எதிர்ப் பள்ளம்வரை 0.313 அங்குலம் அளவில் செய்யப்பட்ட குழல்கள் இவை. தேய்ந்து 0.316 வரை போனதும் உண்டு. கடையில் வாங்கும் சன்னம் பெரும்பாலும் 0.311. தொளதொளத்த சட்டைதான்! சற்றுப் பெரிய மென்மையான ஈய உருண்டையை எண்ணெய் தடவிக் குழலுக்குள் தட்டி இறக்கி அளந்து பாருங்கள். ஐந்து பள்ளக் குழலில் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வரும். சாதாரண மைக்ரோமீற்றர் பொய் சொல்லும். போர்க்காலத்து இரண்டு பள்ளக் குழலென்றால் அளப்பது எளிது.

0.312 அளவில், அடி தட்டையான 174 கிரெய்ன் (சன்னத்தின் எடை அளவு) சன்னத்தை முயன்று பாருங்கள். பழைய இராணுவ மார்க் 7 ரவையின் சன்னமும் 174 கிரெய்ன்தான், தட்டையடிதான். நுனிக்குள் அலுமினியம் போன்ற இலேசான பொருள் வைத்துப் பாரத்தைப் பின்னால் தள்ளியிருந்தார்கள்.

குழல் வாயையும் பாருங்கள். சுத்தம் செய்யும் கயிற்றை ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்து இழுத்து அங்கே பள்ளங்களைத் தேய்த்திருப்பார்கள். தனிச் சன்னம் ஒன்றை (ரவையை அல்ல!) வாயில் வைத்தால் முழுதாக உள்ளே அமிழ்கிறதா? அப்படியென்றால் வாயைத் திருத்த ஆள் தேட வேண்டும்.

கேள்வி: எல்லாம் ஒரே கொத்தாக விழுகிறது. ஆனால் ஏழு அங்குலம் மேலே.

பதில்: உங்களுக்கு நோயே இல்லை. பின்காட்டி (கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் குறி) மடக்கும் வகையென்றால் அதன் குறைந்த அளவே 300 யார். 100 மீற்றரில் மேலே படத்தான் செய்யும். உயரமான முன்குறி வாங்குங்கள். 0.015 அங்குலப் படிகளில் செய்திருக்கிறார்கள். ஒரு படி உயர்த்தினால் 100 மீற்றரில் ஏறக்குறைய 2 அங்குலம் இறங்கும்.

கேள்வி: என்னிடம் இருப்பது மோசின்-நகான் 91/30. பக்கவாட்டில் விலகுகிறது.

பதில்: சோவியத் படையில் குழல் நுனியில் துவக்குக் கத்தி (பயனெற்) பொருத்தியபடிதான் அதற்குக் குறி சரிபார்த்தார்கள். கத்தியில்லாமல் சுட்டால் விலகும். எந்தப் பக்கம் படுகிறதோ அந்தப் பக்கமாகவே முன்குறியைத் தட்டி நகர்த்துங்கள்.

கேள்வி: மலிவாகக் கிடைத்த 1950களின் இராணுவ ரவை. சில "டிக்" என்று தாமதித்து வெடிக்கின்றன. குழலும் கறுத்துப்போச்சு.

பதில்: அதை வைத்துத் துவக்கை எடைபோடாதீர்கள். தாமதித்தால் முப்பது விநாடியாவது குழலை இலக்கை நோக்கியே பிடித்திருங்கள், போல்ட்டைத் திறக்காதீர்கள். ரவையின் அடியில் இருக்கும் அந்தக்காலத் தீமூட்டிகளில் பல வெடித்தபின் உப்பை விட்டுச் செல்லும். எண்ணெய் அதைக் கரைக்காது. அன்றைக்கே கொதிநீர் ஊற்றி, காயவிட்டு, பிறகு எண்ணெய் பூசுங்கள். பல தடவை தேய்த்து, சன்னங்கள் குழலுக்குள் விட்டுச்சென்ற செம்பு முழுக்கப் போனபின் பாருங்கள். உள்ளே கறுத்துக் குழிவிழுந்த குழலில் நான் 100 மீற்றரில் மூன்று அங்குலக் கொத்து எடுத்திருக்கிறேன்.