யீவூ போகுமுன் எண்களைக் காதில் ஏற்றுங்கள்

கேள்வி: மதுரையில் ஃபேன்சி ஸ்டோர் நடத்துகிறேன். இதுவரை சென்னை மொத்த வியாபாரிகளிடம்தான் சரக்கு எடுத்தேன். மூன்று வாரத்தில் முதல்முறையாகச் சீனாவின் யீவூ சந்தைக்குப் போகிறேன். அதற்குள் எவ்வளவு சீன மொழி கற்க முடியும்? பழகும் முறையில் எதில் கவனமாக இருக்க வேண்டும்? நான் சைவம்.

பதில்: மூன்று வாரத்தில் சரளமாகப் பேச வராது. ஆனால் விலையைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நிச்சயம் வரும். கடைக்காரர் கால்குலேட்டரில் தட்டிக் காட்டுவார், உண்மைதான். அதற்கு முன் அவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லும் எண் உங்களுக்குப் புரிந்தால் பேரமே வேறு மாதிரி இருக்கும். ஆகவே நூறு சொற்களை மனப்பாடம் செய்வதைவிட முதல் வாரம் முழுவதையும் எண்களுக்கே கொடுங்கள்.

யீ, அழ், ஸான், ஸ்ஸ, வூ, லியோ, ச்சீ, பா, ஜியோ, ஷ. ஒன்று முதல் பத்து வரை இவ்வளவுதான். இரண்டுக்கு நான் ‘ழ்’ போட்டிருப்பது அச்சுப்பிழை அல்ல. பிற நாட்டவர் திணறும் அந்தச் சீன ஒலி நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. மனிதரைக் குறிக்கும் ‘ழன்’, இறைச்சியைக் குறிக்கும் ‘ழோ’ இரண்டையும் தமிழ் நாக்கு எளிதாகவே சொல்லும்.

எட்டைக் குறிக்கும் ‘பா’விலும் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு. ரோமன் எழுத்தில் பார்த்தால் ‘பஸ்’ஸில் வரும் ப போலத் தோன்றும். அது தவறு, ‘பாட்டு’ என்பதன் ப அது. சீனத்தில் இன்னொரு ப இருக்கிறது, அதற்கு மூச்சுக்காற்று வெளியே வர வேண்டும். மூச்சில்லாமல் ‘பாவ்’ என்றால் வயிறு நிறைந்தது, மூச்சோடு சொன்னால் ஓடுவது. வாய்க்கு முன் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துப் பழகுங்கள். முதலாவதற்குத் தாள் அசையக் கூடாது, இரண்டாவதற்கு அசைய வேண்டும்.

அடுத்தது ஏற்ற இறக்கம். சீன மொழிக்கு நான்கு தொனிகள்: உயரத்தில் நிலைப்பது, ஏறுவது, தாழ்ந்து எழுவது, சட்டென்று இறங்குவது. ‘மாய்’ என்பதைத் தாழ்த்தி எழுப்பினால் வாங்குவது, சட்டென்று இறக்கினால் விற்பது. வியாபாரிக்கு இதைவிட முக்கியமான சொல் ஏது! எனவே எந்தச் சொல்லையும் தொனியோடு சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

யீவூ இருக்கும் ஜெஜியாங் மாகாணத்தில் பலர் ‘ஷ’வையும் ‘ஸ’ போலவே உச்சரிப்பார்கள். அதனால் நான்கும் பத்தும் ஒன்றாகக் கேட்கும். பதினான்கா நாற்பதா என்று குழப்பம் வரும். சந்தேகம் வந்தால் விரலைக் காட்டச் சொல்லுங்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் எட்டு, இரு ஆள்காட்டி விரல்களைக் குறுக்காக வைத்தால் பத்து.

பணம் போகும் இடங்கள் மூன்று. யுவானைப் பேச்சில் ‘குவாய்’ என்பார்கள். ‘லியாங் குவாய் வூ’ (இங்கே இரண்டுக்கு ‘அழ்’ அல்ல, ‘லியாங்’) என்றால் 2 யுவான் 50 காசு, 2.05 அல்ல. ‘யீ வான் வூ’ என்பது 15,000. 10,005 என்று எண்ணிவிடாதீர்கள். அவர்கள் பெருந்தொகையைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள், நம் லட்சம் அவர்களுக்குப் பத்து ‘வான்’. கடைசியாக, ‘பா ஜ’ என்றால் 80 சதவீதத் தள்ளுபடி என்று மகிழ்ந்துவிட வேண்டாம். விலையில் 80 சதவீதத்தைக் கொடுக்க வேண்டும், தள்ளுபடி 20தான்.

கடையில் நின்று கேட்க நான்கு வாக்கியங்கள் போதும். ‘துவோ ஷாவ் ச்சியன்?’ (என்ன விலை?), ‘யீ ஷியாங் துவோ ஷாவ் க?’ (ஒரு பெட்டியில் எத்தனை?), ‘யோ ஷியன்ஹுவோ மா?’ (கையிருப்பில் சரக்கு இருக்கிறதா?), ‘தாய் குவெய் ல’ (விலை மிக அதிகம்). கடைசி வாக்கியத்தைச் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். விலையைக் குறைக்கச் சொல்வது இயல்பு. நாலு பேர் முன்னால் சரக்கை மட்டமாகப் பேசுவது அவருடைய முகத்தில் அடிப்பது. அதன் பிறகு நல்ல விலை கிடைக்காது.

உடைத்து ‘இல்லை’ என்று சொல்ல அவர்களும் தயங்குவார்கள். ‘காவ்லுய இஷியா’ (யோசித்துப் பார்க்கிறேன்) என்றால் பெரும்பாலும் முடியாது என்றே பொருள். ‘ச்சாபுதுவோ’ என்றால் ‘கிட்டத்தட்ட அப்படித்தான்’. மாதிரியும் வரப்போகும் சரக்கும் ஒன்றுதானா என்று கேட்டு இந்தப் பதில் வந்தால் அங்கேயே நின்று விவரம் கேளுங்கள்.

கடை உரிமையாளரைக் குடும்பப்பெயரோடு சேர்த்து ‘வாங் லாவ்பான்’ என்பது போல அழைக்கலாம். குடும்பப்பெயர்தான் முதலில் வரும். பெண் உரிமையாளர் என்றால் ‘லாவ்பான்னியாங்’. விசிட்டிங் கார்டை இரு கைகளாலும் கொடுத்து, இரு கைகளாலும் வாங்குங்கள். பலரும் ‘ஜியா வெய்ஷின்’ என்று வீசாட்டில் சேரச் சொல்வார்கள். 2020 ஜூன் முதல் இந்தியாவில் அந்தச் செயலிக்குத் தடை இருப்பதால், மின்னஞ்சலையும் கடை எண்ணையும் அங்கேயே குறித்துக்கொண்டு திரும்புங்கள்.

பரிசு கொண்டுபோவதானால் சுவர்க்கடிகாரமும் குடையும் வேண்டாம். கடிகாரம் கொடுப்பது என்ற சொல் இறுதிச் சடங்குக்கு வழியனுப்புவது போலவும், குடை என்பது பிரிவு போலவும் ஒலிக்கும். விருந்தில் சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவதை நினைவூட்டும்.

உணவைப் பற்றி விருந்துக்கு அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள், மேசையில் வந்து மறுத்தால் அழைத்தவருக்குச் சங்கடம். ‘வோ ச்சி ஸூ’ என்றால் ‘நான் சைவம்’. அதோடு நிறுத்தினால் காய்கறி இறைச்சிச் சாறில் வெந்து வரலாம். ‘பு ச்சி ழோ, பு ச்சி யூ’, அதாவது இறைச்சியும் மீனும் உண்பதில்லை என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே ‘ழோ’ என்றால் பலருக்குப் பன்றி இறைச்சிதான் நினைவுக்கு வரும். அதனால் கோழி, மாடு, முட்டை, இறைச்சிச் சாறு எதுவும் ஆகாது என்பதைச் சீன எழுத்தில் எழுதி வாங்கி, செல்போனில் வைத்துக்கொண்டு, சமையல்காரரிடமே காட்டுங்கள்.