பெட்டிக்குப் பூட்டு, பெடியனுக்கு முத்திரை

கேள்வி: எனக்கு 38 வயது. ஒட்டுசுட்டான் பக்கம், மனைவியின் தாய் வீட்டில் இருக்கிறோம். இரண்டு அறையும் ஒரு ஹோலும் உள்ள வீட்டுத்திட்ட வீடு. சின்ன வயதிலிருந்து முத்திரையும் பழைய நாணயமும் சேர்க்கிறேன். முன்பு சேர்த்ததெல்லாம் 2009 இல் போய்விட்டது. செட்டிகுளம் முகாமில் இருந்த காலத்தில் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து போட்ட கடிதங்களின் உறைகளோடு திரும்பவும் தொடங்கினேன். இப்போது மகளுக்கு 20 மாதம். மனைவியின் அக்காவின் மகனுக்கு மூன்று வயதாகப் போகிறது. தாய் வேலைக்குப் போவதால் பகல் முழுக்க அவனும் இங்கேதான். போன கிழமை மகள் அல்பத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டாள். நான் அதைப் பார்த்துப் பதறிக்கொண்டிருக்க, பெடியன் ஒரு நாணயத்தை வாயில் போட்டுவிட்டான். மாமிதான் விரலை விட்டு எடுத்தார். கோபத்தில் பெடியனுக்கு அடித்துவிட்டேன். மச்சாள் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. எல்லாவற்றையும் பின்கொட்டிலில் வையுங்கோ என்கிறார் மாமி. வவுனியாவில் தம்பி வீட்டில் கொடுத்துவைப்போம், பிள்ளைகள் வளர்ந்தபின் எடுக்கலாம் என்கிறா மனைவி. எனக்கு இரண்டுக்கும் மனமில்லை. என்ன செய்யலாம்? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: அன்புள்ள தம்பி,

கொட்டில் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்து மண்ணில் கடதாசியைக் கொட்டிலில் வைப்பது கறையானுக்குப் படைப்பது மாதிரி. கறையான் விட்டதை எலி எடுக்கும். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் முத்திரைப் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டும், மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மண்ணெண்ணெயும் வயலுக்கு அடிக்கும் மருந்தும் மண்வெட்டியும் கிடக்கிற இடம் அது. நீங்கள் மாலையில் அங்கே போய் உட்கார்ந்தால், பிள்ளைகள் இரண்டும் உங்கள் பின்னாலேயே வரும். மாமி நல்லதை நினைத்துத்தான் சொல்கிறார், ஆனால் ஆபத்து கூடுகிற இடத்துக்கல்லவா உங்களை அனுப்புகிறார்.

உங்கள் முழுக் கடிதத்தில் கிழிந்த பக்கத்துக்கு ஒரு பந்தி இருக்கிறது. எந்த முத்திரை, எந்த மூலையில் கிழிந்தது என்பது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். நாணயம் வாய்க்குள் போனதற்கு ஒரேயொரு வரி. குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் மகள் செய்ததும் பெடியன் செய்ததும் ஒரே கணக்கில் எழுதவேண்டிய விஷயங்கள் இல்லை. மகள் செய்ததில் முத்திரைக்குச் சேதம். பெடியன் செய்ததில் அவன் உயிருக்கே சேதம் வந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் கிடைத்துவிடும்.

பிள்ளைக்கு ஆபத்தானதை முதலில் பார்ப்போம். இன்றைக்கே, இதை வாசித்து முடித்த கையோடு, உங்கள் பூதக்கண்ணாடியை எடுத்துப் பாருங்கள். முத்திரைக்காரர் பலரிடமும் சின்ன வெளிச்சம் பூட்டிய கண்ணாடி இருக்கும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் பொத்தான் பற்றறி. அதன் மூடி ஆணி போட்டு முறுக்கியதா, நகத்தால் தள்ளினால் திறப்பதா? நகத்தால் திறக்குமென்றால் அந்தக் கண்ணாடி இனி உங்கள் வீட்டுக்கு ஆகாது. வெளிச்சமில்லாத சாதாரணக் கண்ணாடி ஒன்றும் ஒரு மேசை விளக்கும் போதும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பிள்ளை விழுங்கிய பொத்தான் பற்றறி உணவுக்குழாயில் தங்கினால் அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் ஓடத் தொடங்கும். ஓடினால் சோடாக்காரம் போன்ற கடுமையான காரம் உண்டாகி சதையை எரிக்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே பெரிய காயம் வந்துவிடலாம். ரோச்சுக்கும் கண்ணாடிக்கும் போதாது என்று நாங்கள் கழற்றிப் போடுகிற 'செத்த' பற்றறியிலும் அந்த வேலைக்குப் போதுமான மின் மிச்சம் இருக்கும். அதிகம் பயமுறுத்துவது 2032 என்று இலக்கம் போட்டது. 20 மில்லிமீற்றர் அகலம், சின்னப் பிள்ளையின் தொண்டையில் தங்குவதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கும்.

விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்கப் பண்ணாமல், சாப்பாடு, தண்ணீர் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 அம்புலன்ஸ் இலவசம். பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணித்தியாலம் ஆகாமல், விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம். ஆறு முறை வரைக்கும். தேன் காரத்தின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். வன்னி வீடுகளில் ஒரு போத்தல் தேன் இல்லாமலா இருக்கும்? ஆனால் தேன் தேடி ஒரு நிமிடமும் வீணாக்காதீர்கள், தேன் வைத்தியமும் இல்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது கூடவே கூடாது. ஆஸ்பத்திரியில் 'காசு விழுங்கிவிட்டான்' என்று மட்டும் சொல்லாதீர்கள், வீட்டில் பொத்தான் பற்றறியும் இருக்கிறது என்று சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இரண்டும் வட்டமாகத்தான் தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று அவர்கள் கூர்ந்து பார்க்கவேண்டும்.

அடுத்தது நாணயம். விளையாட்டுச் சாமான்களுக்கு உலகத்தில் ஒரு பொது அளவுகோல் உண்டு. ஒன்றேகால் அங்குல அகலமான குழாய்க்குள் அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கையில் இருக்கக்கூடாது. பனை போட்ட ஒரு சதம், மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம், விளிம்பு நெளிந்த பத்துச் சதம், எல்லாமே அந்தக் குழாய்க்குள் விழும். ஆகவே நாணயம் முழுவதும் பூட்டுக்குள். விதிவிலக்கு வேண்டாம்.

மாமி விரலை விட்டு எடுத்தது இந்த முறை தப்பிவிட்டது. வாய்க்குள் சாமான் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். தெரியாமல் துழாவினால் விரலே அதை உள்ளே தள்ளிவிடும். பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமவும் அழவும் முடியாமல் திணறினால், முன்னால் குனியவைத்து, தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே முட்டியை வைத்து உள்ளுக்கும் மேலுக்குமாக ஐந்து இழுப்பு. வெளியே வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யவேண்டும், அதற்குள் யாராவது 1990 க்கு அடிக்கட்டும். இது ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு. எழுத்தில் வாசித்தால் போதாது, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் மாமியும் மனைவியும் மச்சாளும் சேர்ந்து ஒருநாள் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கடதாசி தின்னும் இராமபாணப் பூச்சிக்குப் பயந்து அல்பத்தோடு பூச்சி உருண்டை வைத்திருக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். வெள்ளையாக, மிட்டாய் மாதிரி இருக்கும். அதிலுள்ள நப்தலீன், சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே இருக்கிற ஒரு நொதிக் குறைபாட்டோடு சேர்ந்தால் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதற்குப் பதிலாகக் கற்பூரம் வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், பிள்ளை கடித்து விழுங்கினால் வலிப்பு வரலாம். எறும்புக்கென்று அலுமாரிக் காலடியில் சிரட்டையில் மண்ணெண்ணெய் வைக்கிற பழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. அது இருந்தால் அதுவும் இன்றைக்கே போகட்டும்.

சரி, இனி எங்கே வைப்பது?

உயரத்தை நம்பாதீர்கள். இரண்டு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர் வளர்ந்திருக்கும். கையைத் தூக்கினால் ஒரு மீற்றரை எட்டிப்பிடிக்கும். பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து ஏறினால் இன்னும் 40 சென்ரிமீற்றர் கூடும். மூன்று வயதுக்காரன் கதிரை இல்லாமலே அலுமாரி லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கட்டாக்கி ஏறுவான், ஏறும்போது அலுமாரியே அவன் மேல் சரியும். இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதாவிட்டாலும் இதைச் சொல்லியிருப்பேன்: வீட்டிலுள்ள உயரமான அலுமாரி எல்லாவற்றையும் இரும்பு மூலைத்தகடு போட்டுச் சுவரோடு இறுக்குங்கள். மேசன் ஒருவருக்கு அரை நாள் வேலைகூட இல்லை.

எனக்குப் பிடித்தது பழைய றங்குப்பெட்டி. நல்ல தகரம், ஆமைப்பூட்டு போடக்கூடிய கொண்டி. கறையானும் எலியும் உள்ளே போகாது. உங்கள் அறையில் கட்டிலுக்குக் கீழே, நிலத்தில் படாமல் நான்கு செங்கல்லில் வையுங்கள். சீமெந்துத் தரை ஐப்பசி, கார்த்திகையில் வியர்க்கும். அல்பங்களை நிமிர்த்தி அடுக்குங்கள். படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் பாரத்தில் முத்திரை ஒட்டும். ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பை இரண்டு மூன்று உள்ளே போடலாம். அது நஞ்சில்லை, ஆனால் தொண்டையில் அடைக்கும், ஆகவே அதுவும் பூட்டுக்குள்தான் இருக்கவேண்டும். பெட்டி எப்போதும் பூட்டியே இருக்கட்டும். ஒளித்துப் பிடிக்கும் விளையாட்டில் திறந்த பெட்டிக்குள் ஏறிப் படுக்காத பிள்ளை கிடையாது, மூடி விழுந்தால் உள்ளே காற்றில்லை.

பெட்டி பூட்டியிருக்கும்போது வில்லங்கம் வராது. நீங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்திருக்க, படலையில் யாரோ கூப்பிடுவார்கள். 'இந்தா வாறன்' என்று எழும்பிப் போவீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கும். போன கிழமை நடந்ததும் அப்படித்தான் இருக்குமென்று நினைக்கிறேன். அதனால் மேசையில் பரப்பாதீர்கள். விளிம்பு உயர்ந்த தட்டம் ஒன்றில் மட்டும் வேலை செய்யுங்கள். எழும்பினால் தட்டம் அப்படியே பெட்டிக்குள், பூட்டு, பிறகு படலை. நாணயம் எடுக்கும் நாளில் எத்தனை எடுத்தேன் என்று எண்ணி ஒரு துண்டில் எழுதிவைத்து, திரும்ப எண்ணிப் பூட்டுங்கள். பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் நாணயத்தைத் தொடவே வேண்டாம். முத்திரை என்றால் பரவாயில்லை.

மனைவி சொன்ன வவுனியா யோசனையில் பாதி எனக்குச் சம்மதம். முகாமுக்கு வந்த அந்த உறைகளை மட்டும் அங்கே அனுப்புங்கள். மற்ற முத்திரை எது கிழிந்தாலும் தேடினால் இன்னொன்று கிடைக்கும். செட்டிகுளத்து விலாசம் எழுதி, தபால் முத்திரை குத்தி, உங்கள் கைக்கு வந்த உறை இனி எங்கே கிடைக்கும்? மாமியின் கண்ணுக்கு அது கடதாசி என்றால் அவரைக் குற்றம் சொல்லமுடியாது, அவரும் எத்தனையோ சாமானை வழியில் விட்டுவிட்டு வந்தவராகத்தான் இருப்பார். அனுப்புவதற்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். மிச்சச் சேகரிப்பு உங்களோடு இருக்கட்டும். பொழுதுபோக்கை ஐந்து வருடம் ஒத்திவைத்தவர்கள் பலர் திரும்ப எடுப்பதில்லை, எடுக்காத கோபம் வேறெங்கோ போய் விழும்.

கிழிந்த முத்திரையைப் பற்றி ஒன்று: செலோடேப் ஒட்டாதீர்கள். அது மஞ்சளாகிக் கறை பிடித்து மிச்சத்தையும் கெடுக்கும். இரண்டு துண்டையும் ஒரு சின்னக் கடதாசி உறையில் போட்டு வையுங்கள்.

இனிக் கஷ்டமான பகுதி. பெடியனுக்கு அடித்தீர்கள். மூன்று வயதுக்கு முன் பிள்ளைக்கு 'தொடாதே' என்பது அந்த நேரத்துக்கு மட்டும்தான். பளபளப்பைக் கண்டால் கை தானாகப் போகும், வாயில் போட்டுத்தான் அது என்னவென்று அறியும். தெரியாமல் செய்ததற்கு அடி விழுந்தால், அடுத்தமுறை ஒளித்துவைத்து வாயில் போடப் பழகுவான். உங்கள் மகளும் அதே நாளில் குழப்படி செய்தாள். அவளுக்கு அடி விழுந்ததா? மச்சாள் அதைத்தான் கணக்கு வைத்திருப்பா. நேரே போய், 'பயத்தில் அடித்துவிட்டேன், பிழைதான்' என்று சொல்லுங்கள். முத்திரையின் பெறுமதியை விளக்கப் போகாதீர்கள், அந்தக் கதை அங்கே எடுபடாது.

பெடியனுக்கு ஒரு வேலை கொடுங்கள். பெறுமதியில்லாத, தினமும் வருகிற பழைய உறைகளின் மூலைகளை முத்திரையோடு வெட்டி வையுங்கள். அகலமான தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு, அவனைக்கொண்டு ஒவ்வொன்றாக மிதக்கவிடச் சொல்லுங்கள். கால் மணித்தியாலத்தில் பசையில் ஒட்டிய பழைய முத்திரைகள் தானாகக் கழன்று வரும். தானே ஒட்டும் புதுவகை வராது, அவற்றை விட்டுவிடுங்கள். கழன்றதை வெள்ளைத் துணியில் கவிழ்த்து அடுக்கச் சொன்னால் ஒரு மாலைப்பொழுது போய்விடும். காய்ந்ததும் ஒரு பழைய கொப்பியில் அவனே ஒட்டட்டும், கோணலாக ஒட்டட்டும், அது அவனுடைய அல்பம். நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும், முடிந்ததும் தண்ணீரை உடனே ஊற்றிவிடவேண்டும். மகளுக்கு இன்னும் அந்த வயதில்லை, அவளுக்கு ஒரு மூடி போட்ட பிளாஸ்ரிக் டப்பாவும் அதற்குள் பெரிய துணித்துண்டுகளும் போதும்.

திறப்பு விஷயம் மிச்சம். ஆமைப்பூட்டுக்கு இரண்டு திறப்பு வரும். ஒன்று உங்களிடம். மற்றதை மனைவியிடம் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன், வேண்டாம், மாமியிடம் கொடுங்கள். பகலில் பிள்ளைகளோடு இருப்பவர் அவர். எதை ஏன் பூட்டுகிறோம் என்று பெட்டியைத் திறந்து, பற்றறியையும் நாணயத்தையும் காட்டிச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதன் பிறகும் கொட்டில் என்று சொன்னால், திரும்ப எழுதுங்கள்.