எச்.ஆர். 910 சட்டமாகவில்லை: உங்கள் ஒப்படைக்கான பதில்

2011இல் அமெரிக்கக் காங்கிரஸ், பச்சைவீட்டு வாயுக்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசின் சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிறுவனத்திடமிருந்து (EPA) பறித்ததா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, பறிக்கவில்லை. "2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் பச்சைவீட்டு வாயுக்களைக் கட்டுப்படுத்தும் அரசின் அதிகாரத்தைப் பறித்தது" என்ற வரியை ஒப்படையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அந்த அதிகாரத்தைப் பறிக்க முயன்ற எச்.ஆர். 910 சட்டமூலம் 2011 ஏப்ரல் 7 அன்று பிரதிநிதிகள் சபையில் 255–172 என நிறைவேறியது உண்மை. ஆனால் அதே நோக்கமுள்ள திருத்தம் முதல்நாள் செனட்டில் 50–50 ஆகி விழுந்துவிட்டது. தேவைப்பட்டது 60 வாக்குகள்.

கொழும்பில் சட்டம் படிப்பவர்கள் இங்கே வழுக்குவது இயல்புதான். 1971இல் மூதவையை ஒழித்தபின் நமக்கு ஒரே சபை. பாராளுமன்றம் நிறைவேற்றி, சபாநாயகர் சான்றுரைத்தால் பொதுவாக அது சட்டம். அமெரிக்காவில் இரு சபைகள்; ஒரு சபை கடந்தது பாதி வழிகூட இல்லை.

சரிபார்க்க: காங்கிரசின் இணையத்தளத்தில் 112ஆவது காங்கிரஸ் (2011இல் இருந்தது) என்று தெரிவுசெய்து சட்டமூலத்தின் இலக்கத்தைத் தேடுங்கள். பொதுச்சட்ட இலக்கம் இருந்தால் மட்டுமே சட்டம். செய்தித் தலைப்பை நம்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அதிகாரம் அப்படியே இருக்கிறது என்றும் எழுதக்கூடாது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2007 மாசசூசெட்ஸ் தீர்ப்பு (5–4), தூய காற்றுச் சட்டத்தின் "காற்று மாசு" என்ற சொல்லுக்குள் இவ்வாயுக்களும் அடங்கும் என்றது. அதே நீதிமன்றத்தின் 2022 வெஸ்ட் வெர்ஜினியா தீர்ப்பு (6–3) அதை நீக்கவில்லை. நிலக்கரியிலிருந்து வேறு மூலங்களுக்கு மின்னுற்பத்தியையே மாற்றச் சொல்லும் அளவுக்கு அதிகாரம் நீளாது என்றது. எனவே "சுருக்கியது" என்பதே சரியான சொல். இவ்வாயுக்கள் மக்களின் நலனுக்கு ஆபத்தானவை என்ற 2009ஆம் ஆண்டின் ஆபத்துத் தீர்மானத்தை மீளப்பெற சுற்றாடல் பாதுகாப்பு முகவர் நிறுவனமே 2025 ஜூலையில் முன்மொழிந்தது. அதனால் தற்போதைய நிலையை எழுதும் இடத்தில் திகதியைக் கட்டாயம் போடுங்கள்.