புது வீட்டுக்கு நல்ல தண்ணி இணைப்பு: பிளம்பரிடம் எதை விடலாம், எதை விடக்கூடாது

கோவைக்கு மேற்கே புது வீடு கட்டி முடித்திருக்கிறோம், குடிநீர் இணைப்புக்கு உரிமம் பெற்ற பிளம்பர் கட்டாயமா, அவரிடமே முழுப் பொறுப்பையும் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிளம்பர் வேண்டும். முழுப் பொறுப்பையும் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். அது தப்பு என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அம்மாவின் நாக்குதான்.

சிறுவாணித் தண்ணி குடித்து வளர்ந்தவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பில்லூர் அணைத் தண்ணியையும் சிறுவாணியையும் ஒரே மடக்கில் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அம்மாவும் அப்படித்தான். குடிவந்து ஒன்றரை வருடம் இருக்கும். ஒரு நாள் காலையில் சொம்புத் தண்ணியை வாயில் வைத்தவர் அப்படியே வாசலில் துப்பிவிட்டு, "ஏங்கண்ணு, தண்ணி ஒரு மாதிரி வீச்சம் அடிக்குதே" என்றார். நான் முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. குளோரின் கொஞ்சம் கூடப் போட்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் என் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு. அதற்கு அடுத்த நாள்தான் வாசலைத் தோண்டினோம்.

வீட்டுக்கு முன்னால் திறந்த சாக்கடை. சாலையில் போகும் மெயின் குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் குழாய் அந்தச் சாக்கடையைத் தாண்டியாக வேண்டும். தாண்டவில்லை. சாக்கடையின் இரண்டு பக்கச் சுவரையும் குடைந்து, அதன் நடு வழியாகவே குழாயைச் செருகியிருந்தார்கள். மழை பெய்தால் குழாய் சாக்கடைத் தண்ணிக்குள் முழுகிக் கிடக்கும். அதுவும் ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. சரியாகச் சாக்கடைக்கு நடுவில் இரண்டு துண்டுக் குழாயை ஒரு சாக்கெட் போட்டுத் திருகி இணைத்திருந்தார்கள். அந்தத் திருகு மரையை நகத்தால் சுரண்டியபோது துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

தண்ணி வரும்போது அழுத்தம் இருப்பதால் ஓட்டை வழியாக நல்ல தண்ணிதான் வெளியே கசியும், உள்ளே எதுவும் போகாது. ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலான இடங்களில் தண்ணி நாள் முழுக்க வருவதில்லை. சில நாளுக்கு ஒரு தடவை, சில மணி நேரம். விட்டு முடித்து வால்வை அடைத்ததும் குழாய் வடிந்து காலியாகும். அப்படி வடியும்போது உள்ளே ஓர் உறிஞ்சல் உண்டாகும். ஓட்டைக்கு வெளியே எது நிற்கிறதோ அது உள்ளே போகும். அடுத்த முறை தண்ணி வரும்போது அதுதான் முதலில் நம் தொட்டியில் விழும். ஆற்றில் எடுத்து, சுத்திகரித்து, குளோரின் போட்டு, பல மைல் குழாயில் கொண்டு வந்து வாசல் வரை சேர்த்த தண்ணியைக் கடைசி பத்தடியில் கெடுத்துவிடுகிறோம். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது.

அந்த வேலையைச் செய்தவர் யார் என்று பார்த்தால், எங்கள் கட்டட மேஸ்திரி கூட்டி வந்த ஆள். "எல்லாத்தையும் நான் பார்த்துக்கறனுங்க, நீங்க அலைய வேண்டாம்" என்று மொத்தமாக ஒரு தொகை பேசினார். கட்டட வேலையில் களைத்துப் போயிருந்த எனக்கு அது பெரிய உதவியாகத் தெரிந்தது. விண்ணப்பத்தில் உரிமம் பெற்ற ஒரு பிளம்பரின் கையெழுத்தும் முத்திரையும் ஒழுங்காக இருந்தன. அந்தக் கையெழுத்துக்காரரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கள் வீதிக்கு அவர் வந்ததே இல்லை. கையெழுத்து ஒருவருடையது, கடப்பாரை பிடித்தவர் வேறு.

உரிமம் எதற்கு என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பொதுக்குழாயில் துளை போட்டு எடுக்கும் இணைப்பு நம் வீட்டுச் சமாச்சாரம் மட்டும் இல்லை. அந்தத் துளை சரியில்லை என்றால் வீதி முழுக்கப் பாதிக்கும். அதனால்தான் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரின் பெயர் காகிதத்தில் வேண்டும் என்கிறார்கள். அந்த ஆள் குழி பக்கம் வராவிட்டால் பெயர் இருந்தும் பயனில்லை. ஆகவே நீங்கள் பிளம்பரிடம் முதலில் கேட்க வேண்டியது தொகையை அல்ல. உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறதா, இந்த வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறதா, வேலை நாளில் நீங்களே வருவீர்களா, இந்த மூன்றும்தான். நல்ல பிளம்பர் இதற்குக் கோபப்பட மாட்டார். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் குடிநீர்ப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள்.

காகிதத்தையும் பணத்தையும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சொத்து வரி ரசீது, பத்திர நகல், ஆதார், கட்டட அனுமதி நகல், இவைதான் வழக்கமாகக் கேட்பவை. இன்னும் சொத்து வரி விதிக்கப்படவில்லை என்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். கட்டணத்தில் வைப்புத்தொகை, இணைப்புக் கட்டணம், சாலையை வெட்டி மூடும் கட்டணம் என்று தனித்தனியாக இருக்கும். தொகை ஊருக்கு ஊர் வேறு. பக்கத்து ஊரில் இருக்கும் ஒறம்பரை சொன்ன கணக்கை வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம். அலுவலகத்துக்குச் சேர வேண்டியதை நீங்களே கட்டி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். பிளம்பருக்குச் சேர வேண்டியது அவருடைய கூலியும் சாமானும் மட்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து "மொத்தமா இவ்வளவு" என்று பேசினாலே எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. வைப்புத்தொகை ரசீதை வாங்குவதற்கே பிறகு இரண்டு மாதம் அவர் பின்னால் அலைந்தேன்.

சாலை வெட்டும் அனுமதி வந்த பிறகுதான் குழி வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் அந்த அனுமதியை நிறுத்தி வைப்பதும் உண்டு. அதனால் ஐப்பசி, கார்த்திகைக்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இனி வேலை நாள். மற்ற எந்த நாளுக்கு லீவு போடாவிட்டாலும் இந்த நாளுக்குப் போடுங்கள். இரண்டாவது முறை எங்களுக்கு வேலை செய்தவர் அறுபது வயதைத் தொட்ட ஒரு பெரியவர், உரிமக்காரர், தானே குழியில் இறங்குகிறவர். காலை ஏழு மணிக்கு இரண்டு ஆட்களோடு வந்தார். மெயின் எங்கே போகிறது என்பதை அலுவலகத்து ஃபிட்டர் காட்ட, அதன் பக்கத்தில் குழி எடுத்தார்கள். மெயினின் மேல் மண்ணை மமுட்டியால் அல்ல, கையாலேயே விலக்கினார். பிறகு குழாயின் முதுகை ஈரத்துணியால் துடைத்தார். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "சேடிலுக்கு அடியில ஒரு மணல் இருந்தாலும் வாசர் உக்காராது தம்பி. இன்னைக்கு ஒழுகாது, ஆறு மாசம் கழிச்சு ஒழுகும்" என்றார்.

மெயினைச் சுற்றிப் பிடிக்கும் பட்டைதான் சேடில். அதன் மேல் ஃபெரூல் என்கிற பித்தளைத் திருகு உட்காரும், அதுதான் மெயினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் கதவு. அதிலிருந்து நீலக்கோடு போட்ட கறுப்பு பாலிஎத்திலின் குழாயை எடுத்தார். துரு பிடிக்காது, வளையும், முக்கியமாக வழியில் இணைப்பே வேண்டாம். மெயினிலிருந்து எங்கள் காம்பவுண்டுக்குள் வரை ஒரே நீளம். நிலத்துக்கு அடியில் இணைப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். குழாயை இழுத்துக் கட்டிய மாதிரி நேராகப் போடாமல், ஃபெரூலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வளைத்து விட்டார். மேலே லாரி போய் மண் அழுந்தினால் குழாய் இழுபட்டு ஃபெரூலைப் பிடுங்காமல் இருப்பதற்காக.

சாக்கடையை என்ன செய்தார்? அதன் அடித்தளத்துக்குக் கீழே குடைந்து, ஒரு பெரிய பி.வி.சி. குழாயை உறை மாதிரி செருகி, அதற்குள் தண்ணிக் குழாயை விட்டார். உறை இரண்டு பக்கமும் சாக்கடைச் சுவரைத் தாண்டி நன்றாக வெளியே வந்திருந்தது. இதற்கு மட்டும் அரை நாள் ஆனது. முதல் ஆள் மிச்சம் பிடித்தது இந்த அரை நாளைத்தான். உங்கள் குழி திறந்திருக்கும்போது வேறு எதையும் பார்க்காவிட்டாலும் இந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள். செப்டிக் டேங்க் வெளிக்குழாய்க்குப் பக்கத்தில் தண்ணிக் குழாய் போகிறதா என்பதையும் பாருங்கள். போனால் வழியை மாற்றச் சொல்லுங்கள்.

மூடுவதற்கு முன் தண்ணியைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்து, ஒரு பீடி பிடிக்கும் நேரம் காத்திருந்து மறுபடி தொட்டுப் பார்த்தார். ஈரம் இல்லை. "மூடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க தம்பி. நாளைக்கு நானே வந்தாலும் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாது." காம்பவுண்டுச் சுவரிலிருந்து டேப் பிடித்து, எத்தனை அடி தூரம், எத்தனை அடி ஆழம் என்று எழுதி, படத்தோடு வைத்திருக்கிறேன். குழாயைச் சுற்றி மணல் போட்ட பிறகுதான் கல் கலந்த மண்ணைத் தள்ள விட்டார்.

மீட்டர் விஷயம் சின்னது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, அலுவலகம் ஏற்கும் வகை, உடம்பில் இருக்கும் அம்புக்குறி வீட்டைப் பார்த்திருக்க வேண்டும், படிக்க வருகிறவர் குனிந்து பார்க்க இடம் வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் நம் கொங்குப் பக்கத்து வீடுகளில் இருக்கும் ஒரு ஆபத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இரண்டு தண்ணி. குடிக்க நல்ல தண்ணி, புழங்க போர் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி வராத நாளில் உதவும் என்று இரண்டு லைனையும் ஒரு வால்வு வைத்து இணைத்துவிடுகிறார்கள். பிளம்பர்களே யோசனையும் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். யாராவது அந்த வால்வை அடைக்க மறந்துவிட்டு போர் மோட்டாரைப் போட்டால் உப்புத் தண்ணி மெயினுக்குள் ஏறி அடுத்த வீட்டுக் குழந்தையின் தம்ளருக்குப் போகும். நல்ல தண்ணிக்கு நிலத்தடியில் தனி சம்ப் தொட்டி, மேலே தனி டேங்க், சமையலறைக்குத் தனிக் குழாய். கட்டும்போதே செய்தால் செலவு சொற்பம். உங்கள் வீட்டில் பூச்சு வேலை முடிந்திருந்தாலும் சமையலறைக்கு ஒரு லைன் வெளிச்சுவர் வழியாகவாவது கொண்டு போய்விடுங்கள்.

அதே மாதிரி, வரும் லைனில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. சட்டப்படி தப்பு, பிடித்தால் மோட்டாரை எடுத்துப் போய்விடுவார்கள். அதைவிட, மெயினில் உறிஞ்சல் உண்டாகி, வீதியில் எங்கே ஓட்டை இருந்தாலும் அழுக்கை உள்ளே இழுப்பது அந்த மோட்டார்தான். தண்ணி தானாக வந்து சம்ப்பில் விழட்டும், அங்கிருந்து மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். சம்ப் அளவுக்கு ஒரு கணக்கு: நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். நான்கு பேர் என்றால் 540 லிட்டர். ஐந்து நாளுக்கு ஒரு முறை தண்ணி வரும் வீதி என்றால் 2,700 லிட்டர். எங்கள் சம்ப் எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழம். கிட்டத்தட்ட 5,600 லிட்டர் பிடிக்கும். ஒறம்பரை வந்தாலும், லைனில் வேலை நடந்து இரண்டு நாள் தள்ளிப்போனாலும் தாங்கும். மூடி மட்டும் தரைமட்டத்துக்கு அரை அடியாவது மேலே இருக்கட்டும், வாசல் கழுவும் தண்ணி உள்ளே போகக்கூடாது.

உங்கள் மனை மாநகராட்சி எல்லைக்குள் இல்லாமல் ஊராட்சியில் இருந்தால் ஊராட்சி செயலரிடம்தான் விண்ணப்பம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டிருக்கிறார்கள், அங்கே கணக்கு ஆளுக்கு 55 லிட்டர். அதனால் அங்கே சம்ப்பை நம்பி போர் தண்ணியை விட்டுவிட முடியாது. சாக்கடை, இரண்டு தண்ணி, ரசீது பற்றிச் சொன்னதெல்லாம் அங்கேயும் பொருந்தும்.

இணைப்பு கொடுத்த அன்று வரும் முதல் தண்ணியை சம்ப்பில் விடாதீர்கள். மண்ணும் பித்தளைத் தூளும் கலந்திருக்கும். மீட்டருக்கு முன்னால் கழற்றி ஒரு கால் மணி நேரம் வெளியே, செடிக்கு ஓடவிடுங்கள். தெளிந்த பிறகு ஒரு சொம்பில் பிடித்து, வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு அம்மா முழுச் சொம்பையும் குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.