எழுந்ததுமே என்னை நானே திட்டிக்கொள்கிறேன், எப்படி மாற்றுவது?

நீங்களும் அலாரத்தை நாலைந்து முறை அணைத்துவிட்டு, ‘மூதேவி, விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு’ என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டு எழுபவராகத்தான் இருப்பீர்கள். எனக்குக் கேட்பது என் அப்பத்தாவின் குரல். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. குரல் மட்டும் தினமும் தவறாமல் வரும்.

இரண்டு வருடம் நான் சோம்பேறி என்றே நம்பினேன். ஐந்து மணிக்கு எழ வேண்டியவள் ஆறே காலுக்கு எழுவேன். மொட்டை மாடிக்குத் துணி வாளியைத் தூக்கிப் போனால் மூச்சு வாங்கி நடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன், அதற்கும் ஒரு திட்டு. அரிசி களையும்போது ஒரு கை அள்ளி மெல்லும் பழக்கமும் அப்போதுதான் வந்தது. அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்பார்கள். நமக்குத்தான் கல்யாணம் முடிந்துவிட்டதே என்று தைரியமாகத் தின்றேன்.

அப்புறம் ஆபீஸில் ஒரு மருத்துவ முகாம். ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு 8.1. ‘இதை வச்சுக்கிட்டு எப்படிம்மா பஸ்ல நின்னுட்டு வர்றீங்க?’ என்றார் டாக்டர். மாதவிலக்கில் அதிகம் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரும்புச்சத்து குறைந்தால் இப்படி அரிசி தின்னத் தோன்றும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதில் எத்தனை பேர் காலையில் தங்களை மூதேவி என்று திட்டிக்கொண்டு எழுகிறார்களோ.

எல்லோருக்கும் ரத்தசோகைதான் என்று சொல்லவில்லை, நான் டாக்டரும் இல்லை. ‘எங்க பாட்டி நாலு மணிக்கு எழுந்து பத்துப் பேருக்குச் சமைச்சாங்க’ என்று யாராவது வருவீர்கள், தெரியும். என் அப்பத்தாவும்தான் எழுந்தார். இரவு எட்டு மணிக்கே படுத்துவிடுவார், மதியம் திண்ணையில் முந்தானையை விரித்து ஒரு தூக்கமும் போடுவார். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அவருக்கு ஸ்கூல் வேனும் கிடையாது. என் மகளுக்கு வேன் 7.05-க்கு. திங்கள் சுண்டல், செவ்வாய் பழம், புதன் ராகியில் ஏதாவது என்று ஸ்நாக்ஸ் டப்பாவுக்குத் தனி டைம்டேபிள். மாற்றிக் கொடுத்தால் டைரியில் சிவப்பு மையில் குறிப்பு வரும். கேன்டீனில் மட்டும் பஃப்ஸ் விற்பார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், பிள்ளை இன்னும் அங்கேதான் படிக்கிறாள்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தைராய்டும் சேர்த்து. நன்றாகத் தூங்கி எழுந்தாலும் முதல் கால் மணி, அரை மணி நேரம் தலை மந்தமாக இருப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். அந்த நேரத்தில் உங்களைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள். நான் இப்போது கட்டில் ஓரத்தில் சும்மா ஐந்து நிமிடம் உட்காருகிறேன். அப்பத்தா குரல் வந்தால், ‘மாத்திரை போட்டுட்டு வர்றேன், இரு’ என்று சொல்லிவிட்டு எலுமிச்சைச் சாற்றோடு இரும்பு மாத்திரையை விழுங்குகிறேன். டீ குடித்தால் சத்து சரியாகச் சேராதாம், ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் இன்னும் பழகவில்லை.